கடைக்கோடிக் குழாயும் மூன்றாம் வகுப்பும்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் திட்டமிடுவதைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர் ஒருவர் கேட்டார். வன்கொடுமை வழக்குகள் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கின்றன. பஞ்சமி நிலம் கைக்கு வந்து சேரவில்லை. இந்த நேரத்தில் மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக் கணக்கையும் தமிழையும் எப்படிச் சேர்த்துச் சொல்லித் தருவது என்று பேசிக்கொண்டிருப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு இல்லையா என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் காலனிகளில் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும் நம் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். தினமும் ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இன்றைக்கு என்ன செய்வது? வீட்டுப்பாடம் எழுத வைக்கலாம். வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கலாம். ஏப்ரல் 14 வந்தால் ஒரு பேச்சை மனப்பாடம் செய்ய வைக்கலாம். பள்ளிக்கூடம் பகலில் செய்வதையே நாம் இரவில் இன்னொரு தடவை செய்கிறோம், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் எதைச் செய்யாமல் விடுகிறதோ அதைச் செய்ய நமக்கு ஒரு திட்டம் வேண்டாமா?

நான் கல்வியியல் படித்தவள் இல்லை. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, இயக்க வேலைகளுக்கு நடுவில் எங்கள் காலனிப் படிப்பகத்தில் 3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு எட்டு வருடமாக உட்கார்ந்துகொண்டிருப்பவள். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பாடங்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல், ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு சில வாரங்களுக்கு எல்லாப் பாடங்களையும் அதைச் சுற்றியே நடத்துவது என்று ஒரு முறை இருக்கிறது. பிள்ளை கேட்கும், போய்ப் பார்க்கும், அளக்கும், நாலு பேரை விசாரிக்கும், எழுதும், மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும். நகரத்துப் பெரிய தனியார் பள்ளிகள் இதற்கு ஆங்கிலப் பெயர் வைத்து, பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கின்றன. அதனாலேயே இது மேட்டுக்குடிச் சரக்கு என்று நம் தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி விட்டுக்கொடுக்க முடியாது. இந்த முறையின் வேர்களில் முக்கியமானவர் ஜான் டூயி. 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கி நடத்திக் காட்டியவர். பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே 1913 முதல் 1916 வரை படித்தவர் அண்ணல் அம்பேத்கர். டூயியின் 'ஜனநாயகமும் கல்வியும்' வெளிவந்ததும் 1916இல்தான். சமூகம் சேர்த்து வைத்திருக்கிற பழைய சுமை முழுவதையும் பள்ளிக்கூடம் பிள்ளைகள் தலையில் ஏற்றக் கூடாது, நல்ல எதிர்காலத்துக்கு உதவுவதை மட்டும் பொறுக்கிக் கொடுக்க வேண்டும் என்ற கருத்து அந்தப் புத்தகத்தில் வருகிறது. 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதும்போது தன் ஆசிரியரின் அந்தக் கருத்தை எடுத்துத்தான் அண்ணல் இந்துக்களின் முன்னால் வைக்கிறார். பள்ளிக்கூடத்துக்குச் சொன்னது சாதிச் சமூகத்துக்கான கேள்வியாக மாறியது. ஆக, இதில் நமக்குப் பங்கு இருக்கிறது. யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே இந்தச் சரக்கோடு வேறொன்றும் கலந்து வந்தது. பாடங்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்ற பேச்சு இந்தியாவில் பெரிதாக எழுந்தது 1937 அக்டோபரில், வார்தா மாநாட்டில். காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, நூல் நூற்பதிலிருந்தே கணக்கு, அறிவியல், மொழி எல்லாவற்றையும் சொல்லித் தரலாம் என்றது. கையால் வேலை செய்வதைக் கேவலமாக நினைக்கும் நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் கையால் வேலை செய்யட்டும் என்றது சின்ன விஷயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் அது என்ன ஆயிற்று? கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு வேளைதான் படிப்பு. மறுவேளை அப்பன் தொழிலைப் போய்க் கற்றுக்கொள். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தவர்கள் அதற்குச் சரியாகப் பெயர் வைத்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகி, காமராசர் முதல்வரான பிறகு கைவிடப்பட்டது. எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் 'பாரம்பரியத் தொழில் அறிவு', 'வீடே முதல் வகுப்பறை' என்று யாராவது மேடையில் உருகும்போது எனக்கு அந்த வாடை அடிக்கத்தான் செய்கிறது.

ஏன் அடிக்கிறது என்று புரிய என் நாலாம் வகுப்பைச் சொல்ல வேண்டும். நமக்கு உதவி செய்பவர்களைப் பற்றி ஒரு பாடம். உழவர், தச்சர், மருத்துவர், தபால்காரர் என்று படம் போட்டிருக்கும். பாடம் பிள்ளைகளுக்கு ஒட்ட வேண்டும் என்று நினைத்த டீச்சர், ஒவ்வொருவரையும் எழுந்து நின்று அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்லச் சொன்னார். "எங்கப்பா பயிர் வைக்கிறாரு." "எங்கப்பா மளிகைக் கடை." என் முறை வந்தது. "கூலி வேல டீச்சர்" என்றேன். பொய் இல்லை. வருசம் முழுக்க அப்பா கழனி வேலைக்குத்தான் போனார். "அது இல்லடீ, ஊர்ல சாவு விழுந்தா உங்கப்பாதான வெட்டியான் வேல பாக்குறாரு, அதச் சொல்லு" என்றார் டீச்சர். அவர் திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. வகுப்புக்கு ஒரு புதுத் தகவல் கிடைக்கட்டுமே என்ற ஆர்வத்தில் சொன்னார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரும்வரை என்னை யாரும் என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

கொடுமைக்கார டீச்சர் கதை என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடத்தைக் குழந்தையின் வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்று எல்லாக் கல்வியாளர்களும் பாராட்டுகிற வேலையைத்தான் அவர் செய்தார். 'உன் வீட்டைப் பற்றிச் சொல்' என்பது சாதி ஊரில் ஒரு பிள்ளைக்குக் கட்டுரைத் தலைப்பு. இன்னொரு பிள்ளைக்குப் போலீஸ் விசாரணை.

அதனால் திட்டம் போட உட்காரும்போது, ஒரு கேள்வி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். பிள்ளையின் வீட்டைப் பார்த்து நிற்கிறதா, அந்த வீட்டை இப்படி வைத்திருக்கிற ஏற்பாட்டைப் பார்த்து நிற்கிறதா? 'உங்கப்பா என்ன வேலை?' என்பது எங்கள் வகுப்பில் கிடையாது. 'ஒரே கழனியில ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி, யாரு முடிவு பண்ணாங்க?' என்பது உண்டு. அதிலும் கணக்கு இருக்கிறது, தமிழ் இருக்கிறது, சமூகம் இருக்கிறது. (பறையைக் காய்ச்சினால் ஏன் சத்தம் கணீரென்று ஏறுகிறது என்பது நல்ல அறிவியல் கேள்வி. சூட்டில் ஈரம் போய்த் தோல் இறுகுகிறது. ஆனால் அதை வகுப்புக்குக் கொண்டுவரலாமா என்று எங்களுக்குள்ளேயே பெரிய சண்டை. நம் கலை என்கிறவர்கள் ஒரு பக்கம், சாவு மேளத்தோடு நம்மைக் கட்டிவைத்த கயிறு என்கிறவர்கள் ஒரு பக்கம். பிள்ளைகளாகக் கேட்டால் ஒழிய நான் அதை எடுப்பதில்லை.)

2023இல் நாங்கள் எடுத்த தண்ணீர் அலகைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 23 பிள்ளைகள், ஆறு வாரம்.

'தண்ணீர்' என்பது வெறும் தலைப்பு. அதை வைத்துக்கொண்டு தொடங்கினால் மழை, ஆவி, மேகம் என்று போய், 'தண்ணீரைச் சேமிப்போம், குழாயை மூடுவோம்' என்று ஒரு சுவரொட்டியில் முடியும். மூடுவதற்கு முதலில் குழாயில் தண்ணி வர வேண்டாமா? சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி மூன்று பத்தி போட்டோம். தெரிஞ்சது, தெரியணும், கண்டுபிடிச்சது. முதல் பத்தி பத்து நிமிடத்தில் நிரம்பிவிட்டது. இரண்டாவதில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியதையே அலகுக்கான கேள்வியாக வைத்துக்கொண்டோம்: "நம்ம தெருவுல மட்டும் ஏன் ஏழு மணிக்கே தண்ணி நின்னுடுது?"

எப்படி முடியப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பின்னாலிருந்து முன்னுக்கு வருவது எங்கள் பழக்கம். கிராம சபை முன்பெல்லாம் வருடத்துக்கு நாலு நாள். 2022இல் தமிழக அரசு அதை ஆறாக்கியது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அதில் ஒன்று. அந்த மார்ச் கூட்டத்துக்கு முன்னால் பிள்ளைகள் கையில் ஓர் அட்டவணை, ஒரு வரைபடம், ஒரு மனு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பிப்ரவரியில் தொடங்கினோம்.

கணக்கு முதலில் வந்தது. ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றிப் பார்த்ததில் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் கழுத்து வரை 14 லிட்டர் பிடித்தது. மூன்றாம் வகுப்புக்கு ஒவ்வொரு வீட்டிலும் காலையில் எத்தனை குடம் என்று எண்ணும் வேலை. நாலாம் வகுப்புக்குத் தெருமுனைக் குழாயிலும் கடைசிக் குழாயிலும் ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் என்று செல்போனில் பார்த்து எழுதும் வேலை. முனையில் 40 நொடி. கடைசியில் 4 நிமிடம். எத்தனை மடங்கு? ஆறு. வகுத்தல் இதற்குத்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்றான் ஒரு பையன். ஐந்தாம் வகுப்புக்கு அரசின் கணக்கைக் கொடுத்தோம். ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், கிட்டத்தட்ட 20 குடம். எங்கள் பிள்ளைகள் எண்ணிய வீடுகளில் ஒன்பது குடத்தைத் தாண்டிய வீடு இல்லை. "அப்ப மீதி எங்கக்கா போவுது?" கழித்தல் கணக்கில் மீதி எப்போதும் நம் கையில் இருக்கும். இங்கே மீதியைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

தேட அறிவியல் வேண்டும். எங்கள் தெருக் கொத்தனார் அண்ணன், மட்டம் பார்க்கும் டியூபைக் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி இருக்கும் ரப்பர் குழாய், உள்ளே தண்ணி. இரண்டு முனையையும் இரண்டு பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ஏற்றினார்கள், இறக்கினார்கள். எங்கே பிடித்தாலும் இரண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்தில் நின்றது. அவர் கல்வித் துறையின் எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை. அரை மணி நேரம் அவர் நடத்திய பாடத்தை என்னால் நடத்தியிருக்க முடியாது. தண்ணி தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்றால், பள்ளத்தில் இருக்கும் நமக்குத்தானே நிறைய வர வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். நியாயம். அப்படியானால் வழியிலேயே யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். டேங்கிலிருந்து நம் தெரு வரை குழாய் வரும் வழியை வரைபடமாகப் போட்டுக்கொண்டு வந்தபோது விஷயம் தெரிந்தது. ஊர்த்தெருவில் சில வீடுகளில் குழாயிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள்.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தபோது அந்த நாலாம் வகுப்புப் பெண் கேட்டாள். "ஏங்க்கா எப்பவும் கொழாய் ஊர்ல ஆரம்பிச்சு நம்மகிட்ட முடியுது? நம்மகிட்ட ஆரம்பிச்சு அங்க முடியக் கூடாதா?" டேங்க் மேட்டில்தான் கட்டுவார்கள், ஊர் மேட்டில் இருக்கிறது என்றேன். "நாம ஏன் பள்ளத்துல இருக்கோம்?" அறிவியல் பாடம் அந்த இடத்தில் வரலாறாக மாறிவிட்டது. நான் மாற்றவில்லை. பாடங்களை எப்படி இணைப்பது என்று பெரிய பெரிய கருத்தரங்கு நடத்துகிறார்கள். சாதி என்ன பாடம் பாடமாகப் பிரிந்தா இருக்கிறது? ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் நிலமட்டம், குழாய், கூலி, கோயில் எல்லாம் சேர்ந்தே வருகின்றன.

வீட்டுக்கு வீடு ஆயாக்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்தது: "ஊர் கேணிக்கு கொஞ்சம் தள்ளி நிப்போம். யாராச்சும் மனசு வந்து சேந்தி ஊத்துனா உண்டு. கொடத்துல படாம ஒசரத்துல இருந்து ஊத்துவாங்க. பாதி கீழ போவும்." இலக்கணப் பிழை என்று நான் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. மனுவில் எழுதும் தமிழ் வேறு என்று அடுத்த நாள் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டும் அவர்களுக்கு வேண்டும். சேந்துவது, இறைப்பது, மொள்வது, வடிப்பது என்று தண்ணீருக்கு எத்தனை வினை இருக்கிறது என்று அன்றைக்குப் பட்டியல் போட்டோம். எம்.ஏ. வகுப்பில் இவ்வளவு உயிரோடு ஒரு சொல்லாராய்ச்சி நடந்து நான் பார்த்ததில்லை.

பிறகு அண்ணல் படித்த பள்ளிக்கூடத்தில் அவர் குழாயைத் தொடக் கூடாது, பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்று இருந்ததைச் சொன்னேன். "பியூன் லீவு போட்டா?" என்றது ஒரு மூன்றாம் வகுப்பு. அன்றைக்குத் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். 1927 மார்ச் 20, மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் அவர் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தது அதற்கு அடுத்த நாள் பாடம். தண்ணீர் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் என்று பிள்ளைகளே நாள்காட்டியில் வட்டம் போட்டார்கள்.

வேங்கைவயல் என் திட்டத்தில் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது 2022 டிசம்பர் கடைசியில். நாங்கள் தொடங்கியது அதற்குச் சில வாரங்கள் கழித்து. எட்டு வயதுப் பிள்ளைகளிடம் அதை எடுக்க வேண்டாம் என்றிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் செல்போனில் பார்த்துவிட்டு வந்து, "நம்ம டேங்குக்குப் பூட்டு இருக்காக்கா?" என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது. பூட்டு இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. மறுநாள் படிப்பகத்து இளைஞர்கள் இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளிடம் சொன்னார்கள், இருக்கிறது என்று. அன்றைக்கு அதற்கு மேல் பாடம் எதுவும் நடத்தவில்லை. கேரம் விளையாடினார்கள்.

இப்போதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். திட்டம் போடும் தாளில் நோக்கம், கேள்வி, செயல்பாடு, பொருள்கள், மதிப்பீடு என்று கட்டங்கள் இருக்கும். நான் பார்த்த எல்லா மாதிரிகளிலும் இவைதான். எங்கள் தாளில் இன்னொரு கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். 'இந்தக் கேள்விக்கு விலை யார் கொடுப்பது?' ஆபரேட்டரிடம் போய்ப் பிள்ளைகள் பேட்டி எடுப்பது என்று ஐந்தாம் வாரத்தில் ஒரு செயல்பாடு யோசித்திருந்தோம். தாய்மார்களைக் கூட்டிச் சொன்னபோது ஓர் அத்தை எழுந்தார். "ஏம்மா, நீ படிச்சவ. நாளைக்கு டவுனுக்குப் போயி பொழச்சுக்குவ. எம்புள்ள போயி மோட்டாரப் பத்திக் கேட்டா, அந்த மோட்டார்க்காரன் கழனியிலதான நான் நாளைக்கு நாத்து நடணும்?" பயம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. யார் வீட்டில் மோட்டார், யார் கழனியில் யாருக்கு வேலை, யாரிடம் யாருக்குக் கடன் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். எங்கள் வரைபடத்தில் இல்லாத கோடுகள் அவரிடம் இருந்தன.

நகரத்துப் பள்ளியில் ஒரு பிள்ளை மேயரைப் பேட்டி எடுத்தால் பத்திரிகையில் படம் வரும். எங்கள் பிள்ளை ஆபரேட்டரைப் பேட்டி எடுத்தால் அவள் அம்மாவுக்கு ஒரு வாரக் கூலி போகும். 'கேள்வி கேட்கும் குழந்தையை வளர்ப்போம்' என்று சுவரில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த ஒரு வாரக் கூலியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. அதற்காகக் கேள்வியைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாய்மார்களும் சொல்லவில்லை. அளப்பது பிள்ளைகள், கேட்பது பெரியவர்கள் என்று அவர்களே பிரித்துக் கொடுத்தார்கள். யார் வீட்டில் மோட்டார் இருக்கிறது என்பது வரைபடத்தில் இருக்கக் கூடாது, நிமிடக் கணக்கு மட்டும் இருந்தால் போதும், அதைப் படித்தால் அவர்களுக்கே உறைக்கும் என்றார் அதே அத்தை. இதைவிட நுட்பமான திட்டமிடல் எனக்குத் தெரியாது.

கிராம சபையில் குழுப் பெண்கள் ஏழு பேர் போனார்கள். மனுவைப் படித்தார்கள். 40 நொடி, 4 நிமிடம். 20 குடம், 9 குடம். "இந்தக் கணக்கெல்லாம் எந்தப் பசங்க போட்டது?" என்று கேட்டிருக்கிறார்கள். "நாங்கதான் போட்டோம்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். தங்கள் பெயர் வராததில் பிள்ளைகளுக்குக் கோபம். ஏன் என்று உட்கார வைத்து விளக்கினோம். மூன்றாம் வகுப்புக்குப் புரியவில்லை, ஐந்தாம் வகுப்புக்குப் புரிந்தது. புரிந்த முகங்களைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை.

இரண்டு மாதம் கழித்துக் காலனிக் குழாய்க்குத் தனியாக ஒரு கேட்வால்வு போட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் முதல் அரை மணி நேரம் எங்களுக்கு. கடைசிக் குழாயில் இப்போது ஒரு குடத்துக்கு ஒன்றரை நிமிடம். மோட்டார்கள் அப்படியேதான் இருக்கின்றன.

அரசுப் பள்ளிகளில் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2007-08இல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தது, 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள், டீச்சரும் கீழே உட்கார்ந்தார். அந்த ஒரு காட்சிக்காகவே நான் அதை மதிக்கிறேன். ஆனால் அட்டையில் கேள்வி ஏற்கெனவே அச்சாகி வந்துவிடுகிறது. அச்சாகி வரும் கேள்வி காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

சுவர்த் தாளில் இரண்டாம் பத்தியில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. "நம்ம சுடுகாட்டுக்கு ஏன் ரோடு இல்ல?" கழனி வரப்பில்தான் பாடையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். வரப்பை அளக்கலாம், புல வரைபடம் வாங்கிப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம், பழைய பாதை எது என்று ஆயாக்களைக் கேட்கலாம், மண் எப்படி ஊறிப் போகிறது என்று பார்க்கலாம். ஐந்து வாரத்துக்குத் திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தைத் தாய்மார்களிடம் கொடுத்தேன். நடவு முடியட்டும், பிறகு பேசுவோம் என்றிருக்கிறார்கள்.